நான்கு தலைநகரங்கள், நான்கு டிராம்கள்: மாடி பஸ்ஸை விட்டுவிட்டு எதில் ஏறலாம்?

ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றில் இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது மாடி திறந்த சுற்றுலா பஸ். எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம், காதில் வர்ணனை ஓடும். ஆனால் ஊரின் ஒருநாள் போக்குவரத்துப் பாஸைப் போலப் பல மடங்கு காசு. சந்துகளுக்குள் அதால் நுழைய முடியாது, நெரிசலில் மாட்டினால் வெயிலில் காய வேண்டியதுதான். நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு போனால் அது சரி. மற்றவர்களுக்கு அதே கட்டடங்களை ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் டிராமே காட்டிவிடும், எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்பது தெரிந்தால்.

முதலிடம் புடாபெஸ்டின் 2-ம் எண் டிராமுக்கு. போட்டியே இல்லை. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் பெஸ்ட் கரையில், டான்யூபை ஒட்டி, வடக்கே யாசாய் மாரி சதுக்கத்திலிருந்து தெற்கே போகிறது. தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பி வரும்போது இடப்பக்கம். இதை மாற்றி உட்கார்ந்தால் ஹோட்டல் சுவர்களைப் பார்த்துக்கொண்டு போகலாம். ஏறிய சில நிமிடங்களில் நாடாளுமன்றம் வருகிறது. 268 மீட்டர் நீளம், 1902-ல் கட்டி முடித்தது. குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர்: ஹங்கேரியர்கள் இங்கே குடியேறியதாகக் கொள்ளும் 896-ம் ஆண்டை நினைத்து வைத்த கணக்கு. புனித ஸ்டீபன் பசிலிக்காவுக்கும் அதே 96. பிறகு 1849-ல் திறந்த சங்கிலிப் பாலம், எதிர்க்கரைக் குன்றில் அரண்மனை, எலிசபெத் பாலம், கடைசியில் பச்சை இரும்பில் சுதந்திரப் பாலம். ஃபோவாம் சதுக்கத்தில் இறங்கினால் எதிரே 1897-ல் திறந்த பெரிய சந்தைக் கட்டடம். இதெல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் பகலில் ஒரு முறை, விளக்கு ஏற்றிய பிறகு ஒரு முறை போவது நல்லது. இரவில் வண்டிக்குள் எரியும் விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்து போட்டோவைக் கெடுக்கும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, மறு கையால் சுற்றி மறைத்துக்கொண்டால் பாலம் தெளிவாக விழும்.

குறைகள் இரண்டு. வண்டிகள் பெரும்பாலும் பழைய கான்ஸ் தயாரிப்பு; படிகள் உயரம், பெட்டியோடு ஏறுவது கஷ்டம். இன்னொன்று, தண்டவாளம் ஆற்று மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், டான்யூபில் வெள்ளம் வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். 2013 ஜூனில் ஆறு 891 சென்டிமீட்டர் வரை ஏறியது. 2024 செப்டம்பரிலும் வெள்ளம் வந்தது. அடைமழைக்காலத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும். 24 மணி நேரப் பாஸ் வாங்கும்போது அது எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். காலையில் வாங்கி, ஓட்டலில் தூங்கி எழுந்து, மாலையில்தான் ஏறுவீர்கள் என்றால் பாதிப் பாஸ் வீண்.

அடுத்தது பிராக் நகரின் 22. தேசிய நாடக அரங்கு நிறுத்தத்தில், 'பீலா ஹோரா' என்று பலகை போட்ட வண்டியில் ஏறி வலப்பக்கம் நில்லுங்கள். உடனே லெஜியன் பாலம். வல்டாவா ஆற்றின் மேல் 1357-ல் தொடங்கிய சார்லஸ் பாலமும், பின்னால் குன்றின் மேல் கோட்டையும் ஒரே சட்டத்துக்குள் வருவது இங்கேதான். ஆனால் அரை நிமிடம்தான். அக்கரையில் பழைய வீதிகளுக்குள் புகுந்து, மாலோஸ்ட்ரான்ஸ்கா தாண்டியதும் வளைந்து வளைந்து மேட்டில் ஏறுகிறது.

பெரும்பாலானவர்கள் 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குகிறார்கள். கோட்டை பார்ப்பதுதான் ஒரே வேலை என்றால் அது போதும். ஆனால் இன்னும் கொஞ்ச தூரம் உட்கார்ந்து போஹோர்ஷெலெட்ஸில் இறங்கினால் ஸ்ட்ராஹோவ் மடம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து இறக்கத்திலேயே நடந்து கோட்டையின் முன்வாசல் சதுக்கத்துக்கு வந்துவிடலாம். ஏறுவதை டிராமும் இறங்குவதைக் காலும் பார்த்துக்கொள்ளும். வளாகத்துக்குள் நடக்கக் காசு இல்லை, உள்ளே கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். 1344-ல் தொடங்கி 1929-ல் முடித்த புனித விட்டஸ் பேராலயம் ஞாயிறு காலையில் பூசைக்காகப் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். இரண்டு நாளில் ஒன்று ஞாயிறு என்றால் கோட்டையை மதியத்துக்குப் பிறகு வையுங்கள்.

பிராகில் பலர் அபராதம் கட்டுவது டிக்கெட் வாங்காததால் அல்ல, முத்திரை குத்தாததால். காகித டிக்கெட்டை வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் செருகி நேரம் பதிக்க வேண்டும். 24 மணி நேரக் கணக்கு அப்போதுதான் தொடங்கும். ஒரே தடவைதான் குத்த வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் குத்தினால் எழுத்தின் மேல் எழுத்து விழுந்து டிக்கெட் செல்லாததாகிவிடும். வண்டிக்குள் இருக்கும் ஆரஞ்சு எந்திரத்தில் கார்டு தட்டி வாங்கினால் முத்திரை தேவையில்லை, வரும்போதே நேரம் அச்சாகியிருக்கும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். பிக்பாக்கெட் காரர்களும் அப்படித்தான்; 22 அதற்குப் பேர் போனது. கூட்டம் பிடிக்காதவர்கள் 23-ஐப் பார்க்கலாம். வளைந்த முகப்புள்ள பழைய டாட்ரா டி3 வண்டிகள், பாலமும் மேடும் அதேதான், டிக்கெட்டும் அதேதான். ஆனால் பகலில் மட்டும் ஓடும்.

வியன்னாவைப் பற்றிப் பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் இன்னமும் ஒரு தப்பைப் பரப்புகின்றன: 1-ம் எண்ணோ 2-ம் எண்ணோ பிடித்தால் பழைய நகரை வளைத்துப் போகும் ரிங் சாலையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று. 2008 அக்டோபரோடு அது போயிற்று. இப்போது ஷ்வேடன்பிளாட்ஸில் 1-ல் ஏறி, வலப்பக்கம் உட்கார்ந்து, பல்கலைக்கழகம், நகர மன்றம், நாடாளுமன்றம், இரட்டை அருங்காட்சியகங்கள் எல்லாம் பார்த்து, ஓப்பராவில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டி தெற்கே திரும்பி ஃபவோரிட்டன் பக்கம் கொண்டுபோய் விடும். ஓப்பராவில் 2-க்கு மாறினால் நகரப் பூங்காவைத் தாண்டி மறுபடி ஷ்வேடன்பிளாட்ஸ். மொத்தம் அரை மணி. ஹோஃப்புர்க் அரண்மனை மட்டும் இடப்பக்கம் வருகிறது. மதில் இருந்த இடத்தில் 1865-ல் திறந்த அகலமான சாலை, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். சுகம்தான், ஆனால் சிலிர்ப்பு இல்லை. ஏப்ரல் மாரத்தான் நாளிலும் ஊர்வல நாட்களிலும் ரிங்கில் டிராமே இருக்காது.

லிஸ்பனின் 28-க்குத்தான் உலகப் புகழ். புகழுக்கு ஏற்ற வண்டிதான்: 1930-களின் மரப் பெட்டி, 900 மில்லிமீட்டர் தண்டவாளம், அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் சந்துகளில் இரு திசைக்கும் ஒற்றைத் தடம், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் வீட்டுச் சுவர். ஆனால் சேவையாகப் பார்த்தால் நான்கில் கடைசி. மார்டிம் மொனிஸ் முனையில் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். இருக்கைகள் இருபது சொச்சம்தான். நடுவில் ஏறினால் நிற்க வேண்டும், ஜன்னல்கள் தாழ்வாக இருப்பதால் நிற்பவருக்குத் தெரிவது எதிரே நடப்பவர்களின் செருப்பு.

இதற்கு வழி, தலைகீழாகப் போவது. பஸ்ஸிலோ நடந்தோ மேற்கு முனையான காம்போ டி ஓரிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், காலை எட்டு மணிக்கு முன் அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். எஸ்ட்ரேலா பசிலிக்கா, ஷியாடோ, பேராலயம் என்று அல்ஃபாமா கடைசியில் வரும். நேரம் இல்லையென்றால் 12-ல் ஏறுங்கள். அல்ஃபாமாவைச் சுற்றும் குட்டி வட்டம், அதே பழைய வண்டி, பாதிக் கூட்டம். ஓட்டுநரிடம் காசு கொடுத்தால் டிக்கெட் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை. மெட்ரோ நிலையத்தில் கார்டு வாங்கிக் காசு ஏற்றிக்கொள்ளுங்கள். மலையேறும் கேபிள் வண்டிகளைத் திட்டத்தில் சேர்க்கும் முன் அவை ஓடுகின்றனவா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். 2025 செப்டம்பர் 3-ல் நடந்த குளோரியா கேபிள் வண்டி விபத்துக்குப் பிறகு அவற்றை நிறுத்திவைத்தார்கள்.

ஜெரோனிமோஸ் மடம் இருக்கும் பெலேம் பகுதிக்கு 28 போகாது, 15-தான் போகும். அதுவும் திங்கட்கிழமை வேண்டாம்: மடம் அன்று விடுமுறை, வெளிச்சுவரைத்தான் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.