மே மாத நார்வே நடைப்பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நார்வேயில் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நாட்டுக்குள் நுழையும் கடல்) ஓரத்துக் கிராமத்தில் தங்கி மலைப்பாதையில் நடக்கும் சுற்றுலா என்று இணையத்தில் விளம்பரம் பார்த்துப் பணம் கட்டலாமா என்று யோசிப்பவர்கள், அதிலும் மே விடுமுறையில் போக நினைப்பவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நானும் அக்காவும் 2,900 யூரோ, கிட்டத்தட்ட 2,60,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். அதில் ஒரு பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆனால் பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று எங்களுக்கு இருந்தது, அது நேராமல் போனது அன்றைக்கு வண்டி வராததால் மட்டும்தான். முக்கியமாக அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்கா பள்ளி ஆசிரியை. நீண்ட விடுமுறை என்றால் அவளுக்கு மே மாதம்தான். அவளுடைய பல வருட ஆசை அவுர்லாண்ட். சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நுழைந்து போகிறது, அதன் ஒரு கிளையின் கரையில் இருக்கும் சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் உள்ள அவுர்லாண்ட் பள்ளத்தாக்கில், நார்வேயின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த பழைய நடைபாதை ஒன்று உண்டு. மேலே ஒஸ்டர்போ என்ற இடத்தில் தொடங்கி, கீழே வாஸ்பிக்டி என்ற சிற்றூர் வரை சுமார் 20 கிலோமீட்டர், ஆறேழு மணி நேர நடை. தொடங்கும் இடம் 800 மீட்டர் உயரத்துக்கும் மேலே. இந்த உயரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு விற்றவர்களின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் நார்வே மொழியில் இருந்தது, தளம் முழுக்க ஃபியோர்டு படங்கள், எந்த மின்னஞ்சலுக்கும் ஒரு மணி நேரத்தில் பதில். உள்ளூர்க்காரர்கள் என்றே நம்பினோம். ஐந்து இரவு, கரையோர விடுதி, காலை உணவு, ரயில், ஒஸ்டர்போவுக்குக் காலை எட்டு மணிக்கு வண்டி, பாதைக் குறிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. வழிகாட்டி கிடையாது, குறிப்பைப் பார்த்து நாமே நடக்க வேண்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அங்கே நிறையப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள், பாதையோரக் கற்களில் சிவப்பு வண்ணத்தில் ஆங்கில டி எழுத்து போட்டிருப்பார்கள்.

மே கடைசியில் இந்தப் பாதையில் நடக்க முடியுமா என்று நான் எழுதியே கேட்டேன். "மே மாதம்தான் மிகச் சிறந்த காலம், அருவிகள் நிறைந்து ஓடும், கூட்டமும் இருக்காது" என்று பதில் வந்தது. இரண்டுமே உண்மைதான், அதுதான் கொடுமை. அருவி நிறைந்து ஓடுகிறது என்றால் மேலே பனி உருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் இல்லை என்றால் பாதை இன்னும் நடக்கத் தயாராகவில்லை என்று அர்த்தம். சென்னையில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் படித்தபோது இது எங்களுக்குத் தோன்றவில்லை.

முன்பணம் 870 யூரோவை கடன் அட்டையில் கட்டினோம். மீதி 2,030 யூரோவை வங்கி வழியாக நேரடியாக அனுப்பினால் படகுச் சவாரி இலவசம் என்றார்கள். அனுப்பினோம். இதைத் தட்டச்சு செய்யும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

2024 மே 25, சனிக்கிழமை. ஓஸ்லோவிலிருந்து பெர்கன் ரயிலில் ஏறி மிர்டாலில் இறங்கினோம். அங்கிருந்து ஃப்ளோம் வரை புகழ்பெற்ற மலை ரயில், 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. அந்தப் பயணச்சீட்டு செல்லுபடியானது. மிர்டால் நடைமேடை ஓரத்தில் பனி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அக்கா குழந்தை மாதிரி கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொண்டாள். மிர்டாலும் ஏறக்குறைய ஒஸ்டர்போ உயரம்தான். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஃப்ளோமிலிருந்து பேருந்து பிடித்து அவுர்லாண்ட் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது, ஆனால் நல்ல வெளிச்சம். விடுதி வரவேற்பில் இருந்த இளைஞர் எங்கள் வவுச்சரை இரண்டு முறை படித்துவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜனவரியில் இந்தத் தேதிகளுக்கு அறை இருக்கிறதா என்று ஒரு விசாரணை வந்திருக்கிறது, இவர்களும் இருக்கிறது என்று பதில் போட்டிருக்கிறார்கள், அதோடு சரி. பதிவும் இல்லை, பணமும் இல்லை. எங்கள் வவுச்சரில் இருந்த பதிவு எண்ணில் ஒன்பது இலக்கம், அவர்களுடைய எண்ணில் ஆறு இலக்கம்தான் வருமாம். அன்றிரவு அறைகள் நிரம்பிவிட்டன.

விற்றவர்களுக்குச் செய்தி அனுப்பினோம். இரண்டு மணி நேரம் பெட்டிகளோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "தொழில்நுட்பக் கோளாறு, பக்கத்து முகாமில் குடில் ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தால் ஒரு அறை, ஒரு அடுக்குக் கட்டில், ஒரு மேசை. கழிப்பறையும் குளியலறையும் ஐம்பதடி தள்ளிப் பொதுவில். கட்டிலில் மெத்தை மட்டும் இருந்தது, விரிப்பும் போர்வையும் தனி வாடகை. அங்கே முகாம்களில் இது வழக்கம்தான், பலர் சொந்த விரிப்பு கொண்டுவருகிறார்கள், முகாம்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னது அடுத்த இடி: ஒரே ஒரு இரவுக்குத்தான் கேட்டிருக்கிறார்கள், அதற்கும் பணம் தரவில்லை. ஒரு இரவுக்கு 950 குரோனர், ஐந்து இரவும் எங்கள் கையிலிருந்து போனது.

மறுநாள் ஞாயிறு. நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், காலை உணவு விடுதியில் என்று நம்பிப் போனதால் கையில் ஒன்றும் வாங்கி வைக்கவில்லை. அக்கா கொண்டுவந்த புளிக்காய்ச்சலும் இரண்டு ஆழாக்கு அரிசியும்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றின. மதியம் ஒட்டர்னெஸ் வரை நடந்தோம், 27 பழைய மரக்கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் பண்ணைக் குடியிருப்பு. அங்கே புல்சரிவில் உட்கார்ந்து ஃபியோர்டைப் பார்த்தபோது கொஞ்சம் மனம் ஆறியது. சரி, தங்குமிடம் போனால் போகட்டும், நடை இருக்கிறதே என்று அக்கா சொன்னாள்.

திங்கள் காலை ஏழே முக்காலுக்கே சொன்ன இடத்தில் நின்றோம். எட்டு, எட்டரை, ஒன்பது. வண்டி வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தால் ஒஸ்டர்போ பேருந்து கோடைக்கால அட்டவணையில் மட்டும், அது இன்னும் தொடங்கவே இல்லை. சுற்றுலாத் தகவல் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மாள் எங்கள் பாதைக் குறிப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாங்கள் அதிகம் போனால் எங்கே திரும்ப வேண்டும், எங்கே சாப்பிடலாம் என்று படித்திருப்போம். அவர் ஐந்தாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். பொடி எழுத்தில் ஒரு வரி: காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை.

அவர்களுடைய சொந்தத் தாளில் இருந்தது. வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியபோது நீக்க மறந்த வரியாக இருக்கலாம். எதுவானாலும் தாங்கள் விற்பது எந்த மாதத்துப் பாதை என்று எழுதப்பட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மே மாதத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த அம்மாள் சுவர் வரைபடத்தில் காட்டிப் பொறுமையாக விளக்கினார். சாலை திறந்திருக்கிறது, வாடகைக் காரில்கூட ஒஸ்டர்போவுக்குப் போய் இறங்கிவிடலாம், ஆனால் பாதையின் மேற்பகுதி இன்னும் பனியில் கிடக்கிறது. கற்களில் போட்ட சிவப்புக் குறி பனிக்கு அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓடைகளின் மேல் பனி பாலம் மாதிரி மூடியிருக்கும், அடியில் தண்ணீர் அரித்துக் குடைந்திருக்கும், பார்த்தால் கெட்டித் தரை போலவே இருக்கும், காலை வைத்தால் உள்ளே போய்விடுவோம். கைபேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. பழகியவர்களே இப்போது அந்தப் பக்கம் தனியாகப் போக மாட்டார்கள் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. வண்டி மட்டும் எட்டு மணிக்கு வந்திருந்தால் நாங்கள் சந்தோஷமாக ஏறி, அந்த இடத்தில் இறங்கி, குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருப்போம். ஐம்பத்து மூன்று வயது அக்காவும் நானும், சாதாரண நடைக் காலணியில். கீழே ஊர் வசந்தமாக இருந்தது, ஆப்பிள் மரங்களில் பூகூட இருந்தது, யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

மேலிருந்து இறங்காமல், கீழிருந்து ஏறுங்கள் என்று அவர்தான் வழி சொன்னார். முகாம்காரர் வாஸ்பிக்டியில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து சின்யார்ஹெய்ம் என்ற பழைய மலைப்பண்ணையை நோக்கி ஏறினோம். ஆறு பக்கத்திலேயே பால் போல நுரைத்து இரைந்துகொண்டு வருகிறது, பேசினால் காதில் விழாது. ஆல்மென் என்று இன்னொரு பண்ணை, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் வீட்டைச் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கெல்லாம் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. ஒரு வளைவு தாண்டியதும் பாதையின் குறுக்கே அழுக்கேறிய பனித்திட்டு ஒன்று சரிந்து கிடந்தது, பத்துப் பன்னிரண்டு அடி அகலம்தான். நான் ஊன்றுகோலால் குத்திப் பார்த்தேன். மேலே ஒரு சாண் ஆழம் கெட்டியாக இருந்தது, அப்புறம் கோல் கைப்பிடி வரை சரேலென்று உள்ளே போய்விட்டது. குனிந்தால் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். நார்வேக்காரர்களின் மலை விதிகள் ஒன்பது, எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. நிலையத்து அம்மாள் தந்த தாளில் அச்சிட்டிருந்தது. திரும்பிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை படகு. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கன் வரை, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நாரோய் ஃபியோர்டு வழியாகச் செல்லும் இரண்டு மணி நேரப் பயணம். வாசலில் எங்கள் சீட்டை வருடியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. உண்மையான சீட்டுதான், வாங்கியிருக்கிறார்கள், எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பிறகு ரத்து செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்குப் புதிது. சீட்டு கைக்கு வந்துவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள், கிளம்பும் வாரத்தில் படகு நிறுவனத்துக்கே எழுதி அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். மறுபடி சீட்டு எடுத்துப் போனோம். மீதி நாட்களில் உண்ட்ரெடால் போய் அந்த ஊர் ஆட்டுப் பாலாடைக்கட்டியும், நாற்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய மரத் தேவாலயமும் பார்த்தோம். ஊரும் மக்களும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன்.

திரும்பி வந்ததும் கடன் அட்டை வங்கியில், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று மறுப்புப் புகார் கொடுத்தோம். விடுதி எழுதித் தந்த கடிதம், ரத்தான படகுச் சீட்டின் விவரம், ஐந்தாம் பக்கம், மே மாதம் சிறந்தது என்ற மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்தோம். மூன்று மாதத்துக்குப் பிறகு 870 யூரோ வந்தது. நேரடியாக அனுப்பிய 2,030 யூரோ வரவில்லை. 1930 எண்ணில் அழைத்து சைபர் குற்றப் புகாரும் பதிந்திருக்கிறோம். யாருக்காவது இப்படி நடந்தால் ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள், எவ்வளவு சீக்கிரம் புகார் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

நார்வேயில் தங்குமிடம், போக்குவரத்து என்று சேர்த்து ஒரே விலைக்கு விற்பவர்கள் பயண உத்தரவாத நிதியில் பிணைத்தொகை வைத்திருக்க வேண்டும், 2018 ஜூலையில் வந்த தொகுப்புப் பயணச் சட்டமும் இதைச் சொல்கிறது. அந்த நிதியின் தளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எங்களவர்கள் அதில் இல்லை. வேறு ஐரோப்பிய நாட்டு நிறுவனம் என்றால் அந்த நாட்டுப் பிணையைக் கேளுங்கள், எங்களவர்களிடம் இப்போது கேட்டதற்குப் பதிலே இல்லை. விடுதிக்கு நீங்களே மின்னஞ்சல் போட்டுப் பெயரும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். பாதையைப் பற்றி விற்பவரிடம் கேட்காதீர்கள், அந்த ஊர்த் தகவல் நிலையத்துக்கு எழுதுங்கள், அங்கே ஒரே நாளில் பதில் போடுகிறார்கள், அதுவும் இலவசமாக. ஒஸ்டர்போ பேருந்து எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாங்கள் ஜனவரியிலேயே நிறுத்தியிருப்போம்.

போன வாரம் அக்கா ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினாள். வேறு பெயர், வேறு நிறம், ஆனால் அதே படங்கள், அதே ஐந்து இரவு, அதே எட்டு மணி வண்டி. மாதிரிப் பாதைக் குறிப்பைத் தரவிறக்கிப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில் இருந்த அந்த வரி மட்டும் இப்போது இல்லை. பயணத் தேதிகள் மே 18-லிருந்து தொடங்குகின்றன.