ஃபாக்ஸ் மஸ்டாங்கின் பின்பக்கம்: கோப்ரா ஐஆர்எஸ்ஸா, டார்க் ஆர்மா?

1979 முதல் 1993 வரை ஃபாக்ஸ் என்ற அடித்தளத்தில் ஃபோர்டு கட்டிய ஃபாக்ஸ் பாடி மஸ்டாங் கார் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், ஒரு கட்டத்தில் பின்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். 5.0 லிட்டர் வி8-ல் இருந்து பவரை எடுப்பது சுலபம். அந்தப் பவரை வளைவில் ரோட்டில் இறக்குவதுதான் கஷ்டம். என்னிடம் இருப்பது 1990 எல்எக்ஸ் ஹேட்ச்பேக். எனக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, ஃபோர்டின் எஸ்விடி பிரிவு செய்த மஸ்டாங் கோப்ராவில் இருந்து கழற்றிய இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனை, அதாவது பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசையும் ஐஆர்எஸ்ஸை, அப்படியே தூக்கி மாட்டுவது. இன்னொன்று, காரோடு வந்த, இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே கட்டையாக இணைக்கும் 8.8 இன்ச் சாலிட் ஆக்சிலை வைத்துக்கொண்டே, அதன் முறுக்கைத் தாங்கும் டார்க் ஆர்மும் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் போடுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். இன்னொரு ஃபாக்ஸ் வாங்கினாலும் அதைத்தான் செய்வேன். அதனால் கீழே வருவது நடுநிலையான தீர்ப்பு அல்ல.

முதலில் ஃபோர்டு போட்டது என்ன என்று பார்த்துவிடலாம். மொத்தம் நான்கு ஆர்ம்: கீழே இரண்டு, கிட்டத்தட்ட நேராக, மேலே குட்டையாக இரண்டு, சாய்வாக. மேல் ஆர்ம்களுக்கு இரண்டு வேலை. ஆக்சில் பக்கவாட்டில் நகராமலும் பிடிக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது முறுக்கிக்கொள்ளாமலும் தாங்க வேண்டும். வளைவில் கார் சாயும்போது இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பாதைகளில் போகப் பார்க்கின்றன. ஆர்ம்களின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கிக் கொடுப்பதால்தான் எதுவும் அசைகிறது. ரப்பர் நசுங்கும் வரை நசுங்கி முடிந்ததும் ஆக்சில் இறுகிவிடும். பின் டயர் அந்த நொடியில் சொல்லாமல் கொள்ளாமல் பிடியை விட்டுவிடும். ஈரமான எக்ஸிட் வளைவில் ஃபாக்ஸ் ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பலர் இதற்கு வைத்தியம் என்று மேல் ஆர்முக்குக் கெட்டியான பாலியூரிதேன் புஷ் வாங்கிப் போடுகிறார்கள். நசுங்க வேண்டிய இடத்தில் நசுங்காத ஒன்றைப் போட்டால் ஆக்சில் இன்னும் சீக்கிரம் இறுகும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கோப்ரா ஐஆர்எஸ் எவ்வளவு புத்திசாலித்தனமான வேலை என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். 1999-ல் எஸ்விடி அதைக் கொண்டு வந்தபோது, சாலிட் ஆக்சிலுக்காகவே கட்டிய பாடிக்குள் அதை நுழைக்க வேண்டியிருந்தது. முழு சஸ்பென்ஷனையும் சப்ஃபிரேம் என்ற ஒரு தனிச் சட்டத்தில் ஏற்றி, பழைய ஆர்ம்கள் மாட்டிய இடங்களையே பிடிமானமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடியின் அடித்தளம் ஃபாக்ஸில் இருந்து வந்தது என்பதால்தான் அதே சப்ஃபிரேம் நம் காருக்கும் ஏறுகிறது. ஃபோர்டு சொன்ன கணக்குப்படி ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை 125 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 57 கிலோ குறைந்தது. காரின் மொத்த எடை மட்டும் 80 பவுண்டு கூடியது. ஸ்பிரிங்குக்குக் கீழே 57 கிலோ என்பது சாதாரண விஷயமே இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தரைக்குத் திரும்புகிறது என்பதை முடிவு செய்வது அந்த எடைதான்.

மாற்றும்போது கூடவே வரும் வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஃபாக்ஸின் சக்கரத்துக்கு நான்கு நட்டு, கோப்ராவுக்கு ஐந்து. முன்பக்க ஹப்பையும் மாற்றியாக வேண்டும். ஐஆர்எஸ் அகலம் அதிகம், அதனால் வீல் ஆஃப்செட் பார்த்து வாங்க வேண்டும், ஃபெண்டர் ஓரத்தை உள்பக்கம் மடித்துவிட வேண்டி வரலாம். டிரம்முக்குப் பதில் டிஸ்க் என்பதால் மாஸ்டர் சிலிண்டரும் ஹேண்ட் பிரேக் கேபிளும் மாறும். எக்ஸாஸ்ட் குழாய் பழைய வழியில் போகாது. இதில் பாதி வேலை சாலிட் ஆக்சிலுக்கு டிஸ்க் பிரேக் போட்டாலும் இருக்கத்தான் செய்கிறது, எனவே இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என் நண்பர் ஒருவர் தன் ஃபாக்ஸில் 2003 கோப்ராவின் செட்டை மாட்டியிருக்கிறார். "ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சாவியைக் கொடுத்தார். மிச்சிகனில் பனிக்காலம் முடிந்ததும் ரோடு இருக்கும் நிலை உலகறிந்தது. உறைந்து உருகி உறைந்து, கான்கிரீட் பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு உயரத்தில் நிற்கும். அப்படிப்பட்ட வளைவில் என் கார் பின்பக்கத்தை அரை இன்ச் பக்கவாட்டில் தூக்கிப் போடும். அவருடையது ஒரு சக்கரத்தில் மட்டும் அடியை வாங்கிக்கொண்டு நேராகப் போனது. இந்த ஒரு விஷயத்தில் ஐஆர்எஸ்ஸுக்கு ஈடு கிடையாது. தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகும் கார் என்றால், பக்கத்தில் உட்காருபவருக்கு இடுப்பு வலி இருந்தால், இங்கேயே கட்டுரையை மூடிவிட்டு ஐஆர்எஸ் தேடப் போகலாம்.

டார்க் ஆர்ம் செய்வது வேறு மாதிரி. மேல் ஆர்ம்கள் இரண்டையும் கழற்றித் தூரப் போட்டுவிடுகிறோம். அவை செய்த இரண்டு வேலைகளையும் இரண்டு தனித்தனி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். ஆக்சிலின் முறுக்கைத் தாங்க, இரண்டு சக்கரங்களுக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஹவுசிங்கில் போல்ட் போட்டு கியர்பாக்ஸ் பக்கம் வரை நீளும் டார்க் ஆர்ம். பக்கவாட்டில் பிடிக்க, ஆக்சிலின் ஒரு முனையில் இருந்து பாடியின் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்கே போகும் பான்ஹார்ட் ராடு. கீழ் ஆர்ம்களுக்கு முன்னும் பின்னும் பிடிக்கும் வேலை மட்டும்தான் பாக்கி. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்க இனி எதுவும் இல்லை. கார் சாயும்போது ஆக்சில் தடையில்லாமல் சாய்கிறது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும் கீழே இறங்குகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. மஸ்டாங்கின் பரம எதிரியான கமாரோ 1982 முதல் 2002 வரை தொழிற்சாலையில் இருந்தே டார்க் ஆர்ம், பான்ஹார்ட் ராடு இரண்டோடும்தான் வந்தது. மஸ்டாங்குக்கு கிரிக்ஸ் ரேசிங், மேக்ஸிமம் மோட்டார்ஸ்போர்ட்ஸ் இரண்டும் இந்த அமைப்பைப் பல வருடங்களாகச் செய்து விற்கின்றன. ஃபோர்டே 1999 கோப்ராவில் ஐஆர்எஸ் கொடுத்துவிட்டு, 2005-ல் வந்த புது மஸ்டாங்கில் மூன்று ஆர்மும் பான்ஹார்ட் ராடும் உள்ள சாலிட் ஆக்சிலுக்குத் திரும்பியது. 2012-ன் பாஸ் 302 என்ற மஸ்டாங் ரேஸ் டிராக்கில் பேர் வாங்கியது அந்த சாலிட் ஆக்சிலோடுதான். பழைய மஸ்டாங்கின் குறை சாலிட் ஆக்சில் அல்ல, அதைப் பிடித்திருந்த விதம். எனக்கு இது புரிந்த பிறகு ஐஆர்எஸ் மீதான மோகம் பாதி குறைந்துவிட்டது.

மீதிப் பாதியைக் குறைத்தது ஸ்பேர் பார்ட்ஸ். என் முடிவு முழுக்க முழுக்க இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஆர்எஸ்ஸோடு வந்த கோப்ராக்களை எண்ணிப் பாருங்கள். 1999-ல் 8,095. 2000-ல் 300 கோப்ரா ஆர் மட்டும். 2001-ல் 7,251. 2003-ல் 13,476. 2004-ல் 5,664. மொத்தமே 35,000-ஐத் தொடவில்லை. அதோடு அந்த சப்ஃபிரேமின் கதை முடிந்தது. இன்று விற்பனைக்கு வரும் ஒவ்வொரு செட்டும் இந்தக் கார்களில் ஒன்றின் வயிற்றில் இருந்து எடுத்ததுதான், வயது இருபதைத் தாண்டியது. ஒரு காலத்தில் இவை மலிவாகக் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. 390 குதிரைத்திறன் கொண்ட 2003, 2004 கோப்ராவை நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் (drag) ரேஸுக்கு எடுத்துப் போனவர்களில் பலர் ஐஆர்எஸ்ஸைக் கழற்றிவிட்டு சாலிட் ஆக்சில் போட்டார்கள். கிளட்சை விட்டதும் பின் சக்கரம் டபடபவென்று துள்ளி, ஆக்சில் ஷாஃப்ட் உடைவதும் டிஃபரென்ஷியல் கவரின் பிடிமானம் விரிவதும் அவர்களுக்கு அலுத்துப்போன விஷயம். நமக்குக் கைமாறும் செட், அப்படி அடி வாங்கிய காரில் இருந்ததா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்த காரில் இருந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

டிஃபரென்ஷியலுக்கு உள்ளே இருக்கும் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் இரண்டு அமைப்புக்கும் ஒன்றுதான். அங்கே கவலை இல்லை. கவலை எல்லாம் அதற்கு வெளியே: அலுமினிய ஹவுசிங், இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், மேல் கீழ் கன்ட்ரோல் ஆர்ம்கள், டோ லிங்க், சப்ஃபிரேம் புஷ், டிஃபரென்ஷியல் புஷ். இவற்றில் புஷ்கள் புதிதாகக் கிடைக்கின்றன. ஷாஃப்டும் கிடைக்கிறது, விலை கொடுத்தால். நக்கிளோ சப்ஃபிரேமோ வளைந்தால் மறுபடி ஒரு பழைய செட்டைத்தான் தேட வேண்டும்.

சாலிட் ஆக்சிலுக்கு வாருங்கள். 8.8 இன்ச் ஆக்சில் மஸ்டாங்கில் மட்டும் இல்லை. எஃப்-150 பிக்கப்பில், ரேஞ்சரில், எக்ஸ்ப்ளோரரில், 2014 வரை வந்த மஸ்டாங் ஜிடியில் எல்லாம் அதுதான். சக்கர பேரிங்கும் ஆயில் சீலும் எந்த ஊர் ஆட்டோ பார்ட்ஸ் கடையிலும் அலமாரியில் இருக்கும். ஹவுசிங்கே வளைந்துபோனாலும் பிரித்து விற்கும் யார்டுக்கு ஒரு நடை போதும்.

நண்பர் அந்த செட்டை மாட்டுவதற்கு முன் புஷ் மாற்றிய வேலையில் நானும் கூட இருந்தேன். கன்ட்ரோல் ஆர்ம் போல்ட், புஷ்ஷின் உள் குழாயோடு சேர்ந்து துருப்பிடித்து ஒரே உலோகமாக ஆகியிருந்தது. மிச்சிகன் ரோட்டில் கொட்டும் உப்பின் வேலை அது. நட்டு கழன்றது, போல்ட் சுற்றியது, ஆனால் வெளியே வரவில்லை, ரப்பரோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டே இருந்தது. கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி, ரப்பர் கருகிய புகை ஷெட் முழுக்க நிறைந்த பிறகு, இரண்டு பக்கமும் ரம்பம் விட்டு அறுத்துத்தான் எடுத்தோம். இது ஒரே ஒரு புஷ். அந்த சப்ஃபிரேமில் இருக்கும் புஷ்கள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்காது. ஒவ்வொன்றும் தேயும்போது பின் சக்கரத்தின் டோ, அதாவது அது உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணம், மாறும், டோ மாறினால் டயரின் உள் ஓரம் தேயும். பெரிய குழியில் ஒரு தடவை இறங்கினால் அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும். சாலிட் ஆக்சிலில் கேம்பரும் (சக்கரம் மேலிருந்து கீழே சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் ஹவுசிங்கோடு பிறந்தவை, ஹவுசிங் வளையாத வரை மாறாதவை.

டார்க் ஆர்ம் பராமரிப்பே கேட்காது என்று சொல்லவில்லை. பான்ஹார்ட் ராடின் முனைகளில் இருக்கும் உருண்டை ஜாயின்ட் தேய்ந்தால் கடகடவென்று சத்தம் வரும். ஆனால் அது இரண்டு போல்டில் கழன்றுவிடும், ஒரு மத்தியானத்து வேலை. டிஃபரென்ஷியல் பல்லின் இரைச்சல் டார்க் ஆர்ம் வழியாக முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் கேட்கிறது. எக்ஸாஸ்டின் நடுக்குழாயை மாற்ற வேண்டி வந்தது. ரோல் சென்டர் இறங்கியதால் பழைய ஸ்பிரிங் போதவில்லை, கெட்டியானது போட வேண்டியிருந்தது. பான்ஹார்ட் ராடு ஆக்சிலைக் கொஞ்சம் பக்கவாட்டில் வில்லாக நகர்த்தும் என்பதும் உண்மை. கார் நிற்கும் உயரத்தில் ராடு தரைக்குச் சமமாக இருக்கும்படி அளந்து மாட்டினால் ஓட்டும்போது அது தெரிவதே இல்லை.

டிராக் ரேஸ் நடக்கும் ஸ்ட்ரிப் பக்கம் நான் போவது அபூர்வம். கால் மைல் ஓட்டத்தில் டார்க் ஆர்ம் எப்படி என்று நான் சொல்வதைவிட அங்கேயே பழகியவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது. அதேபோல் நல்ல டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் புஷ், டிஃபரென்ஷியல் பிரேஸ் எல்லாம் போட்டுத் தேற்றிய ஐஆர்எஸ்ஸை ரேஸ் டிராக்கில் நான் ஓட்டியதில்லை. நண்பர் காரில் ஓட்டியது ஊர் ரோடுகள்தான். 2015-க்குப் பிந்தைய மஸ்டாங்கின் ஐஆர்எஸ்ஸைப் பழைய காரில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாடியை வெட்டி ஒட்டும் வேலை, இந்த ஒப்பீட்டில் வராது.

எந்த வழியில் போனாலும் முதல் செலவு டார்க் பாக்ஸுக்கு. ஆர்ம்கள் பாடியில் மாட்டும் அந்தத் தகட்டுப் பெட்டிகள் ஃபாக்ஸில் பலவீனமானவை. பின்சீட்டை எடுத்துவிட்டு மேலிருந்தும், கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்தும் பாருங்கள். ஸ்பாட் வெல்டைச் சுற்றி பெயின்ட் மயிரிழையாக விரிந்திருந்தால் தகடு கிழிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வலுவூட்டும் தகடு வைத்து வெல்ட் செய்து, பாடியின் முன், பின் சட்டங்களை இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டரும் போட்ட பிறகுதான் சஸ்பென்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அதன் பிறகும் ஐஆர்எஸ்தான் வேண்டும் என்றால், உப்பு போடாத தெற்கு மாநிலங்களில் இருந்து வரும் செட்டாகப் பாருங்கள். 1999, 2001 என்றால் ஆக்சில் ஷாஃப்டுக்கு 28 ஸ்ப்லைன் (ஷாஃப்டின் முனையில் உள்ள பற்கள்), கியர் விகிதம் 3.27. 2003, 2004 என்றால் 31 ஸ்ப்லைன், 3.55. விற்பவர் ஆண்டை மழுப்பினால் ஒரு ஷாஃப்டை உருவி ஸ்ப்லைனை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், அப்படியே டிஃபரென்ஷியல் கவரின் பிடிமானக் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று கிட்டத்தில் ஒரு போட்டோவும் கேட்டு வாங்குங்கள்.