கடுக்கன் வாங்கிய கதை: இராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

அய்யனார் கோயில் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. பாதி சப்பட்டை, பாதி பஞ்சவர்ணம். காய் திரளும் மாதங்களில் காட்டுப்பன்றி வரும், சமயத்தில் இரண்டு கால் பன்றியும் வரும். ஊர் பேரிலேயே நாய் இருக்கும்போது காவலுக்கு வேறு நாய் எதற்கு என்று, மூன்று வருட இடைவெளியில் இரண்டு இடங்களில் இராஜபாளையம் குட்டி வாங்கினேன். இந்த விமர்சனம் இரண்டாவது இடத்தைப் பற்றியது. ஆனால் முதல் இடத்தைச் சொல்லாவிட்டால் இரண்டாவதன் அருமை விளங்காது. இரண்டின் பேரையும் போடவில்லை. முதலாவது, வம்பு வேண்டாம் என்று. இரண்டாவது, அதை நடத்தும் அம்மாவே வேண்டாம் என்றதால். "கூட்டம் வந்தா குட்டி நிறையப் போடணும், நிறையப் போட்டா நாய் கெட்டுப்போயிரும்ப்பா" என்றார்.

முதல் பண்ணை பார்க்க நன்றாக இருக்கும். பெரிய கேட், டைல்ஸ் ஒட்டிய கூண்டுகள், ஆபீஸ் சுவரில் 2005இல் இராஜபாளையம் நாய்க்கு வெளியிட்ட தபால்தலையைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். குட்டி 18,000 ரூபாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண், உடம்பில் ஒரு மறை, அதாவது வேறு நிறத் திட்டு, கிடையாது. "மூக்கைப் பாருங்க சார், மூக்கைப் பாருங்க" என்று மூன்று முறை காட்டினார்கள். காதை யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது குட்டிக்கு 35 நாள்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி இருப்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வெள்ளையன் என்று பேர் வைத்தோம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் வருவான், ஒரு நாள் வரமாட்டான். திமிர் என்று நினைத்தோம். தீபாவளி வந்தது. தெருவில் உள்ள அத்தனை நாயும் கட்டிலுக்கு அடியில். இவன் மட்டும் வாசலில் கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விடுகிறான், பக்கத்தில் ஆயிரம்வாலா வெடிக்கிறது. "இதுல்லடா சாதி நாய்!" என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பொங்கல் கழித்துத் தடுப்பூசிக்குப் போனபோதுதான் கால்நடை மருத்துவர் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்க" என்றார். அப்பா வீடு வரும்வரை பேசவில்லை.

அவர் விளக்கியது இது. காதின் உள்ளே நத்தை ஓடு போல் சுருண்ட பகுதியில் நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். அவை இருந்தால்தான் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் பிழைக்கும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணு சில குட்டிகளில் காதுக்குள்ளும் நிறமி போய்ச் சேராமல் செய்துவிடுகிறது. பிறந்த சில வாரத்திலேயே அந்தச் செல்கள் செத்துப்போகும், திரும்ப வராது. வெள்ளை நாய் எல்லாம் செவிடு இல்லை. ஆனால் மறையே இல்லாத வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தால், கூடவே செவிட்டையும் பொறுக்கி எடுக்கிறோம். நான் 18,000 கொடுத்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பண்ணைக்குப் போன் போட்டேன். "சில குட்டி அப்படித்தான் சார் இருக்கும்." அதன்பிறகுதான் அவர்கள் கொடுத்த வம்சாவளிச் சீட்டைப் பிரித்துப் படித்தேன். வெள்ளையனின் அப்பன் வழித் தாத்தாவும் அம்மா வழித் தாத்தாவும் ஒரே நாய்! கேட்டதற்கு, "நம்ம பக்கம் அக்கா மகளைக் கட்டுறதில்லையா சார்?" என்றார். நான் பெண் எடுத்தது அசலில், சொந்தத்தில் இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு சமாதானம் சொன்னார். கிரேட் டேன் கிராஸ் குட்டி இருக்கிறதாம், ஆள் உயரம் வருமாம், "கலப்புன்னா நோயே அண்டாது சார்". இதை நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேனுக்கு இதயத் தசை பலமிழந்து இதயம் பெரிதாகும் நோயும் வயிறு முறுக்கிக்கொள்வதும் பேர் போன வியாதிகள். இந்தப் பக்கம் ஒரு கோளாறு, அந்தப் பக்கம் ஒரு கோளாறு என்று இரண்டு நாயைச் சேர்த்தால் இரண்டும் குட்டிக்கு வர வழி இருக்கிறது. கலப்பு மருந்து இல்லை. எந்தக் குறைக்கு எந்த நாயைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து செய்தால் மட்டும் பலன் உண்டு.

அப்படித் தெரிந்து செய்த கதையும் எனக்குத் தெரியும். மதுரையில் என் அக்கா வளர்த்த டால்மேஷன் இன நாய்க்குச் சிறுநீர்ப்பையில் கல், இரண்டு முறை ஆபரேஷன். அந்த இனத்தில் யூரிக் அமிலத்தை ஒழுங்காகக் கையாளும் மரபணுவின் நல்ல வடிவம் அடியோடு தொலைந்துபோயிருந்தது. எந்த நாயிடமும் இல்லை. அதனால் இனத்துக்குள்ளேயே எத்தனை நல்ல ஜோடி சேர்த்தாலும் சரியாகாது. 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு தடவை பாயின்டர் இன நாயைச் சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல மரபணு வாங்கியதை மட்டும் மறுபடி மறுபடி டால்மேஷனோடு சேர்த்துக்கொண்டே வந்தார். சில தலைமுறையில் புள்ளி, உடம்பு எல்லாம் டால்மேஷன், சிறுநீர் மட்டும் சாதாரண நாய்க்கு உள்ளது. அதையும் ரத்தம் கெட்டுப்போச்சு என்று இனப் பற்றாளர்கள் எதிர்த்தார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் இந்த வழி நாய்களை ஏற்க 2011 ஆனது. இத்தனைக்கும் அந்த இனத்தில் செவிடும் நிறைய. அமெரிக்காவில் சோதித்தவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்பதில்லை. பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளில் செவிடு குறைவு, ஆனால் அந்தத் திட்டு இருந்தால்தான் கண்காட்சியில் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். எங்கே போனாலும் இதே கூத்து.

சரி, இரண்டாவது இடம். டவுனிலிருந்து பைக்கில் அரை மணி நேரம், கடைசி ஒரு கிலோமீட்டர் சாலை என்று ஒன்று கிடையாது. ஓட்டு வீடு, வேப்ப மரம், இரண்டு பெட்டை, ஒரு கடுவன். பெட்டைக்கு வருடத்துக்கு ஒரு ஈத்துதான். குட்டி கேட்டு நான் ஏழு மாதம் காத்திருந்தேன். தாயைப் பார்த்தேன், தகப்பனைப் பார்த்தேன், போன ஈத்துக் குட்டி வளரும் வீட்டு விலாசத்தையும் கேட்காமலே கொடுத்தார். போய்ப் பார்த்தேன், கேட் அருகில் போவதற்குள் குரைத்தது. திருப்தி.

அம்மா ஒவ்வொரு குட்டியையும் தனியாகத் தூக்கி வந்து, தூங்க விட்டு, பின்னால் நின்று விசில் ஊதிக் காட்டினார். முதலில் தாம்பாளம் தட்டச் சொன்னவன் நான்தான். "தட்டுனா தரை அதிரும்ப்பா, செவிட்டுக் குட்டியும் முழிக்கும்" என்றார். கூட்டமாக விட்டுப் பார்ப்பதும் வீண். ஒன்று தலை தூக்கினால் எல்லாம் தூக்கும்.

ஆறு குட்டியில் ஒன்றுக்கு இடது காது முழுக்கப் பழுப்பு மறை. அதை யாரும் எடுக்கவில்லையாம். வெள்ளைக் குட்டிக்கு 15,000 சொன்னவர் இதற்கு 9,000 சொன்னார். நான் அதையே எடுத்தேன். கடுக்கன் போட்டதுபோல் இருப்பதால் கடுக்கன். காகிதம் ஏதும் இல்லை. "கேக்கலேன்னா கொண்டாந்துரு, நானே வச்சுக்கிருவேன், காசும் தாரேன்" என்ற வார்த்தைதான் கியாரண்டி.

குறைகள் இருக்கின்றன. போனை எடுக்கவே மாட்டார். பூச்சி மருந்து கொடுத்த தேதியைக் காலண்டரில் கிறுக்கி வைத்திருந்தார், அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். பெரிய குறை, ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை விசிலால் பிடிக்க முடியாது. அது நல்ல நாய் மாதிரியே வளரும், அதையே ஈத்துக்கு விட்டால் குறை அடுத்த தலைமுறைக்கும் போகும். தலையில் மின்முனை வைத்து ஒவ்வொரு காதாகப் பார்க்கும் பேயர் (BAER) சோதனை ஒன்று உண்டு, ஐந்தாறு வாரக் குட்டிக்கே செய்யலாம். இங்கே நான் விசாரித்த மருத்துவர்கள் யாரிடமும் அந்தக் கருவி இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என் கடுவனுக்கும் பாக்கணுமே" என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம் என்றிருந்தேன், அந்த யோசனைக்காக நாலு.

போகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள், குட்டிகள் தூங்கும் நேரம் அது. விசிலை நீங்களே கொண்டுபோங்கள், அவரது விசில் பாதி நேரம் ஊதவில்லை. வெள்ளையன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். ராத்திரி கடுக்கன் எழுந்தால் இவனும் எழுந்து அவன் ஓடும் பக்கம் ஓடுகிறான். போன மாதம் வேலி ஓரம் வந்த பன்றியை முதலில் மறித்தது அவன்தான் என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். அப்பா மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.