நாகர்கோவில் கைலேஸ்: எதைப் பார்த்து வாங்குவது, என்ன விலை நியாயம்

லேஸ் வைத்த விரிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் மூலையைப் பாருங்கள். கையால் பின்னிய விளிம்பில் பூவும் வலையும் தாமாகவே திரும்பி அடுத்த பக்கத்துக்குப் போகும். மெஷின் லேஸ் மூலையில் வெட்டி ஒட்டுப்போட்டிருக்கும், அல்லது கொசுவம் மாதிரிச் சுருக்கித் தைத்திருக்கும். மீட்டர் கணக்கில் பின்னிய கைலேஸிலும் சில சமயம் சுருக்கம் வரும் என்பதால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டச் சொல்லுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கறுத்த மணியாக உருண்டுகொள்ளும். பருத்தி நூல் என்று தெரிந்தாலும் மெஷின் வேலை இல்லை என்று உறுதியாகாது. ஆனால் பாலியெஸ்டர் என்று தெரிந்தால் கைலேஸ் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நாகர்கோவில் வேலை என்ற பேரில் கிடைப்பது மூன்று வகை. பாபின் (நூல் சுற்றிய சிறு கட்டை) கொண்டு தலையணைமேல் பின்னும் லேஸ் ஒன்று. துணியிலிருந்து நூலை உருவி, மிச்ச நூல்களைக் கட்டிப் பூவேலை செய்யும் எம்ப்ராய்டரி இன்னொன்று. இதற்குப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்: முடிச்சும் தொங்கும் நூலும் தெரிந்தால் அவசர வேலை. மூன்றாவது, மெஷின் லேஸைக் கைத்தையலால் சேர்த்த விரிப்பு. தினசரி உபயோகத்துக்கு அது தாராளமாகப் போதும். அதைக் கைலேஸ் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

பின்னும் முறையைத் தெரிந்துகொண்டால் விலை ஏன் கூடுகிறது என்று புரியும். கெட்டியாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட மாதிரி அட்டையை விரித்து, பாபின்களை ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுவார்கள். இருப்பதே இரண்டு அசைவு: ஒன்றின்மேல் ஒன்றைக் கடத்துவது, ஜோடிக்குள் முறுக்குவது. ஒவ்வொரு துளையிலும் குண்டூசி குத்தி நூலை இழுத்து நிறுத்த வேண்டும். இழுப்பு ஒரே அளவாக இல்லையென்றால் ஊசியை எடுத்ததும் வலைக்கண் கோணிப்போகும். குண்டூசியைச் சீக்கிரமே எடுத்துவிட்டால் ஓரம் தளர்ந்து அலை அலையாக நிற்கும். வாங்கும்போது மேசைமேல் வழவழவென்று படிகிறதா என்று பாருங்கள். அலை நிற்கிறது என்றால் இஸ்திரி போட்டாலும் அது சரியாகாது.

மணிக்கு 5 சென்டிமீட்டர் என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். பக்கத்துக்கு ஒன்றேகால் மீட்டர் உள்ள சதுர விரிப்புக்கு விளிம்பு 5 மீட்டர். பின்னுவதற்கு மட்டும் 100 மணி நேரம். துணி, நூல், தையல் எல்லாம் தனி.

விலை அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த வேலை குமரி மண்ணில் வேரூன்றியது எப்படி என்று அறிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது தென் திருவிதாங்கூர். தலைவரி, கூலியில்லாத ஊழியம், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தடை, பறையர் புலையர் குடும்பங்கள் பலவற்றுக்கு அடிமைத்தனம். 1806-இல் வந்த ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே, மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் மூலமாக அங்கே சபையைத் தொடங்கினார். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரிகள் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும். மார்த்தா 1820-களில் விடுதிப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். எழுத்தும் வேதமும் லேஸும் ஒரே கூரையின்கீழ். அடிமைப் பிள்ளைகளாக வந்த சிலர் லேஸ் காசைச் சேர்த்து, எஜமானுக்குக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855-இல்தான்.

தானும் தேவசாயலில் படைக்கப்பட்டவள் என்ற நிச்சயத்தை லேஸ் பின்னிய அடிமைப் பிள்ளைக்கு விசுவாசம் கொடுத்தது. அந்த நிச்சயத்தோடு வெளியே போய் நிற்கக் கையில் காசு வேண்டியிருந்தது. ஒடுக்குமுறையிலிருந்து கிடைத்த விடுதலையை ஜெபம் தனி, கூலி தனி என்று பிரித்துப் பேசுவது இந்த ஊர் அனுபவத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்ட பெண்களின் துணியைச் சந்தையில் கிழித்தார்கள். ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. தோள்சீலைக் கலகம் என்று சொல்லும் அந்தப் போராட்டம் 1859 ஜூலை அரசாணை வரைக்கும் நீண்டது. அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் வழியில் மக்களைத் தலைநிமிர வைத்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

மார்த்தாவின் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியாஸ்திரி மேரி லூயிஸ் தெ மெஸ்தரின் சபையாரும் ஆதரவற்ற பெண்களுக்கு இதே தொழிலைக் கொடுத்தார்கள்.

அதனால்தான் கடையில் நாங்கள் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, பின்னியவருக்குக் கூலி மீட்டர் கணக்கா, மாதச் சம்பளமா என்பது. சபையோ மடமோ நேரடியாக நடத்தும் இடத்தில் இதற்குப் பதில் கிடைக்கும். பதில் சொல்லாத இடைத்தரகரிடம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் பின்னிய பெண்ணின் கூலியில்தான் போய் விழும். பெண்கள் தங்களை மீட்டுக்கொண்ட தொழிலை அரைக்கூலி வேலையாக்கிவிட்டு, அதே விரிப்பை ஆலயத்தின் திருமேசைமேல் போடுவது சரியல்ல.

துவைப்பது கடினமில்லை, ஆனால் பொறுமை வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதமான சோப்பைக் கரைத்துக் கால்மணி நேரம் ஊறவிடுங்கள். தேய்க்கவோ பிழியவோ கூடாது; துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் நூலை இற்றுப்போக வைக்கும். உலர்த்தும்போது மெத்தென்ற பலகையில் விரித்து ஓரங்களைத் துருப்பிடிக்காத குண்டூசியால் நிறுத்துங்கள். சாதாரண ஊசி விட்ட துருக்கறை போகாது. இஸ்திரியைப் பின்பக்கமாக, அடியில் துண்டு போட்டு வைக்கவும். எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், பூச்சி அரிக்கும். மடித்தால் மடிப்பில் நூல் விடும் என்பதால் வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வைப்பதே நல்லது. பிளாஸ்டிக் பை வேண்டாம்.

ஆலயத்துக்கோ ஞானஸ்நான உடைக்கோ ஆர்டர் கொடுப்பவர்கள் மேசையின் நீள அகலத்தோடு எவ்வளவு கீழே தொங்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். துணியையும் லேஸையும் தைப்பதற்கு முன்பே தனித்தனியாக நனைத்து உலர்த்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் ஒன்று அதிகமாகச் சுருங்கி மற்றொன்றை இழுக்கும். ஈஸ்டருக்கோ கிறிஸ்துமஸுக்கோ தேவை என்றால் மூன்று நான்கு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கூடவே அரை மீட்டர் லேஸ் அதிகமாகப் பின்னி வாங்கி வையுங்கள். பிற்பாடு ஓரம் கிழிந்தால் அதே நூல், அதே இழுப்பு மறுபடி கிடைப்பது அரிது.