தட்டு எப்போது பேசும்?

மேலூரிலிருந்து தோழி ஒருத்தி சென்ற வாரம் அழைத்து, தன் மகனைச் சேர்க்க நினைக்கும் குழந்தைகள் காப்பகத்திலும், என் மகளின் காப்பகம் பெற்றோருக்குத் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் அதே கைப்பேசிச் செயலிதானாம், பார்வையற்ற நமக்கு அது சரிப்படுமா என்று கேட்டாள். அவளிடம் சொன்னதில் பாதி வசவாகப் போய்விட்டதால், பதினான்கு மாதப் பழக்கத்தை இங்கே நிதானமாக எழுத முயல்கிறேன்.

நல்லதை மறைக்கக் கூடாது. மாலையில் மகளை அழைத்துவரச் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண்ணை, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஒவ்வோர் இலக்கமாகத் தெளிவாகப் படிக்கிறது. காப்பகத்து ஆயாம்மா அனுப்பும் குரல்பதிவுகளோ, நான் எதிர்பாராமல் கிடைத்த வரம், கே.கே. நகர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, என் மகள் இன்னொரு தோசை கேட்டு அடம்பிடிப்பதை முழுதாகக் கேட்டுவிடலாம்.

ஆனால் அந்தத் தட்டு! குழந்தை எவ்வளவு சாப்பிட்டாள் என்பதைச் செயலி எழுத்தில் சொல்வதில்லை. நிறைந்த தட்டு, அரைத் தட்டு, காலித் தட்டு என்ற மூன்று படங்களில் ஒன்றை வைக்கிறது. (காலித் தட்டு என்றால் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டாள் என்று பொருளாம், பார்வையுள்ள பெற்றோரே முதல் வாரம் பதறிப்போனார்கள்.) பிற்பகல் ஒரு மணிக்கு அறிவிப்பு வந்ததும் திரையை வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போனால், டாக்பேக் "மதிய உணவு" என்று ஆவலைக் கிளப்பிவிட்டு, அடுத்த தள்ளலில் "படம்" என்று முடித்துக்கொள்ளும். படங்களை விவரிக்கும் டாக்பேக்கின் செயற்கை நுண்ணறிவு வசதியையும் முயன்றேன். வெள்ளைப் பின்னணியில் ஒரு வட்டம் இருப்பதாகச் சொன்னது. அதன்பின் கைப்பேசியைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் நீட்டுவதும், அவள் "அரைத் தட்டுதான்க்கா" என்பதும் வழக்கமாயின. அவள் விடுப்பிலிருந்த ஒரு நாள், காய்ச்சலில் மகள் ரசம் சாதத்தைத் தொடவே இல்லை என்பது எனக்கு மாலை ஆறு மணிக்குத்தான் தெரிந்தது.

ஆண்ட்ராய்டில் ஒரு படத்துக்கு டாக்பேக் வாசிக்கக்கூடிய விவரணை சேர்க்க, நிரலில் ஒரு வரி போதும். மூன்று தட்டுகளுக்கு மூன்று வரிகள். தனியார் சேவைகளும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றையெல்லாம் குறிப்பிட்டு மூன்று முறை எழுதினேன். நன்றி தெரிவித்து, ஐந்து நட்சத்திரம் தரும்படி கேட்டார்கள்; அதைக் கேட்கும் பெட்டியை மூடும் பொத்தானுக்கும் பெயரில்லை.

சென்ற மாதப் புதுப்பிப்புக்குப் பிறகு தட்டு பேசுகிறது. "பிளேட் அண்டர்ஸ்கோர் ஹாஃப் அண்டர்ஸ்கோர் டூ" என்கிறது. யாரோ கோப்பின் பெயரையே விவரணையாக ஒட்டியிருக்கிறார்கள். வேடிக்கைதான் என்றாலும், மகள் அரை வயிறு சாப்பிட்டிருக்கிறாள் என்று இப்போது யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே, மேலூர்த் தோழி தாராளமாகச் சேர்க்கலாம் என்றே சொன்னேன். சொல்லி முடித்த கையோடு, முன்பு கொடுத்திருந்த மூன்று நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். இவ்வளவு எளிதாக முடிகிற வேலைக்கு ஓராண்டுக்கு மேல் காக்க வைத்தார்களே என்ற ஆத்திரம், தட்டு பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முழுதாக வந்தது.