38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு என் பத்மினி ஹெட்டைக் காஸ்டிக்கில் கரைத்துக் கொடுத்தார்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 38,500 ரூபாய் போய்விட்டது. பணத்தோடு போயிருந்தால்கூடத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். பிரிமியர் பத்மினி காரின் சிலிண்டர் ஹெட்டும் (இன்ஜினின் மேல் பகுதி) கூடவே போய்விட்டது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள், இன்ஜின் பாகங்களைச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்துப் புதுசாகத் தருகிறோம் என்று வரும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள்.

வண்டி அப்பா வாங்கியது, 1986 மாடல். 1089 சிசி, நாலு சிலிண்டர், கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். புகை அதிகமாகிவிட்டது என்று ரிங் மாற்ற இன்ஜினை இறக்கினோம். இத்தனை வருடத்து ஆயில் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து எந்தப் பாகம் என்ன நிறம் என்றே தெரியவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன், "நானே டீசல்ல ஊறப்போட்டுக் கழுவிடறேன் தம்பி, பெயின்ட் வேணும்னா மட்டும் வெளிய குடுங்க" என்றார். திறந்ததுதான் திறந்தோம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முறையாகச் செய்துவிடலாம் என்று எனக்கு ஆசை.

இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறை, பழைய கார், பைக் பாகங்களைப் புதுப்பிப்பதாக வீடியோ போடுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) உள்ளே போகும், பாட்டு ஓடும், பளபளவென்று வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று எந்த வீடியோவிலும் இருக்காது. இப்போது யோசித்தால் அதுதான் உறுத்துகிறது.

நான் வீடியோவை நம்பிப் பாகங்களை அப்படியே அனுப்பிவிடவில்லை. டிக்கியில் ஏற்றிக்கொண்டு நேரில் போனேன். உரிமையாளர் ஹெட்டைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் பிசுக்கை வழித்துக் காஸ்டிங் எழுத்தை எனக்கே காட்டினார். "ஒரிஜினலுங்க சார். இது போனா அடுத்தது கெடைக்காதுங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. நான் கேட்காமலே பாகங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஹெட், கார்பரேட்டர், பெட்ரோல் பம்ப் ஒரு பக்கம். சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் பாகம்), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, புல்லி, பிராக்கெட்டுகள் இன்னொரு பக்கம். "அலுமினியத்தைத் தனியாத்தானுங்க பண்ணோணும், காஸ்டிக் பட்டா முடிஞ்சுதுங்க" என்று அவரே சொன்னார். காஸ்டிக் என்றால் பாகங்களை ஊறவைத்துக் கழுவும் காஸ்டிக் சோடா. சாக்பீஸால் ஒவ்வொன்றிலும் குறி வேறு போட்டார். அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். தொழில் தெரியாத ஆள் இப்படிப் பிரிக்கமாட்டான். தெரிந்த ஆள்தான். தெரிந்தேதான் பிறகு இரண்டு குவியலையும் ஒரே காஸ்டிக் தொட்டியில் போட்டிருக்கிறார், அல்லது போடவிட்டிருக்கிறார்.

முன்பணம் 20,000 கொடுத்தேன். யுபிஐ கோடை ஸ்கேன் செய்தால் பட்டறைப் பெயர் வரவில்லை, யாரோ ஒருவர் பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா அக்கவுண்டுங்க" என்றார். வேலை முடிந்தது என்று போட்டோக்கள் வந்தன. ஹெட் வெள்ளியாக மின்னியது, சம்ப் கறுப்பாக ஜொலித்தது. மீதி 18,500 அனுப்பினால்தான் லாரி பார்சலில் போடுவோம் என்றார்கள். அனுப்பினேன். ஆக 38,500. அந்தப் போட்டோக்கள் எல்லாமே வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தவை. கேஸ்கெட் (கசியாமல் இடையில் வைக்கும் தகடு) உட்காரும் முகம் ஒன்றில்கூட இல்லை.

பார்சலைப் பிரித்து ஹெட்டை மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். வெள்ளி பெயின்ட் செதிலாக உரிந்தது. அடியில் சாம்பலும் கறுப்புமாக, சொரசொரவென்று உலோகம். கேஸ்கெட் முகத்தை எமரித் தாளால் தேய்த்து மினுக்கியிருந்தார்கள், ஆனால் தண்ணீர்த் துளைகளைச் சுற்றிக் கறையான் அரித்த பலகை மாதிரி குழி குழியாக இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கையால் திருகிப் பார்த்தார், மரை பிடிக்காமல் ஆடியது. அவர் எதுவும் சொல்லாமல் ஹெட்டைக் கீழே வைத்தார். லேத்துக்கும் கொண்டுபோனோம். லேத்துக்காரர் ஸ்கேலை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இதை ஃபேசிங் போட்டு எடுக்கணும்னா நிறைய வெட்டணும், கம்ப்ரஷன் எகிறிடும். குழி ஓரத்துல தண்ணி வேற கசியும்" என்று கையை விரித்துவிட்டார். ஃபேசிங் என்றால் முகத்தைச் சமமாகச் சீவி எடுப்பது.

என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஸ்டிக் சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்துப் பாகங்களை ஊறவைப்பது பழைய முறை. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக்கிக் கழற்றிவிடும், பழைய பெயின்டும் உரியும், கை வேலை மிச்சம். இரும்பை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வெளியே எடுத்துக் கழுவியதும் எண்ணெய் தடவினால் போதும், இல்லையென்றால் துரு ஏறும். அலுமினியத்தை அது தின்றுவிடும். ஹைட்ரஜன் வாயு குமிழ்விட்டுக்கொண்டே உலோகம் கரைந்துகொண்டே போகும். பத்மினியில் இன்ஜின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். பழைய அம்பாசடர் காரின் ஹெட் இரும்பு என்பதால் அந்தத் தொட்டியில் தப்பியிருக்கும், என் ஹெட் தப்பவில்லை. கார்பரேட்டர் பாடியும் பெட்ரோல் பம்பும் வெள்ளைத் தூள் பூத்து, தொட்டால் கையில் ஒட்டுகிற நிலையில் வந்தன.

இரும்புப் பாகங்களாவது ஒழுங்கா? அதுவும் இல்லை. சம்ப்பை மண் வைத்து பிளாஸ்ட் செய்திருக்கிறார்கள், அதாவது காற்றோடு மண்ணை வேகமாக அடித்துச் சுரண்டியிருக்கிறார்கள். வெளியே அழகு. கவிழ்த்துத் தட்டினால் உள்ளே தடுப்புத் தகட்டுக்குப் பின்னாலிருந்து மண் கொட்டுகிறது. அதை அப்படியே மாட்டி ஓட்டியிருந்தால் மண் ஆயில் பம்புக்குள் போய் பேரிங்கைத் தின்றிருக்கும், இறக்கிய இன்ஜினை மறுபடியும் இறக்கியிருப்போம். டேப்பட் கவரில் (ஹெட்டின் மேலே வரும் மூடி) கேஸ்கெட் உட்காரும் விளிம்பிலும் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பெயின்ட்) திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது, ஆயில் கசியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதே கறுப்புப் பவுடர்! பவுடர் கோட்டிங்கை அடுப்பில் வேகவைப்பதே 200 டிகிரிக்குள். மேனிஃபோல்டு அதைவிட ரொம்ப அதிகச் சூட்டைப் பார்க்கிற பாகம். முதல் ஓட்டத்திலேயே கருகி நாறி உரிந்துவிடும். அதற்கென்று 600 டிகிரி தாங்கும் சிலிகோன் பெயின்ட் கடையில் கிடைக்கிறது, இது அவருக்குத் தெரியாதா?

இனி போன் கதை. முதலில், "அது பழைய துருங்க சார், ஏற்கெனவே இருந்ததுதானுங்க" என்றார். அலுமினியத்தில் துரு! அலுமினியம் துருப்பிடிக்காது என்றேன். "அப்படீங்களா, பையன்கிட்டக் கேக்கறேனுங்க" என்று வைத்துவிட்டார். அடுத்த முறை, மாட்டி ஓட்டினால் செட் ஆகிவிடும் என்றார். மரை போன பிளக் துளை எப்படி செட் ஆகும்? அப்புறம் பையன் தவறாகப் போட்டுவிட்டான் என்றார், அந்தப் பையன் இப்போது வேலையில் இல்லையாம். அதன்பின் பார்சலில் அடிபட்டிருக்கும், லாரிக்காரரைக் கேளுங்கள் என்றார். லாரியில் வந்தால் உலோகம் கரையுமா? 38,500 வேண்டாம், ஹெட்டுக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்கள் என்றுகூட இறங்கிவந்து கேட்டேன். "பார்க்கலாங்க" என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் படமும் காணோம், பிளாக் செய்துவிட்டார் போலிருக்கிறது. வீடியோவுக்குக் கீழே போட்ட கருத்தும் அழிந்துவிட்டது. நேற்றும் ஒரு புது வீடியோ, அதே பாட்டு, யாருடையதோ ஒரு ஹெட்.

பில் என்று கேட்டதற்கு அன்று ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, என்ன முறையில் சுத்தம் செய்வார்கள் என்றும் இல்லை. "பாகங்கள் சுத்தம் + பெயின்ட்" என்று ஒரே வரி. ஆனாலும் விடுவதாக இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அதில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னிடம் யுபிஐ ரசீது இருக்கிறது, கொடுக்கும் முன் நானே எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன, லேத்துக்காரரும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாகம் கொடுப்பதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு: காந்தம் ஒட்டாத எந்தப் பாகத்தையும் தொட்டி வைத்திருக்கிற இடத்தில் விடாதீர்கள், மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து வீட்டிலேயே கழுவுங்கள். பிளாஸ்ட் செய்யக் கொடுத்தால் உள்துளைகளை எதை வைத்து அடைப்பீர்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கேஸ்கெட் முகத்தை நெருக்கமாக எடுத்த போட்டோ வராமல் மீதிப் பணம் அனுப்பாதீர்கள். பட்டறைப் பெயரில் இல்லாத அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன், இதுவரை காட்டிய ஹெட்டுகள் எல்லாம் விரிசல். மும்பையில் 2023 அக்டோபரோடு பத்மினி டாக்ஸிகளும் ஓய்ந்துவிட்டதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பாகங்களும் குறைந்துவிட்டன என்கிறார்கள். யாரிடமாவது விரிசல் இல்லாத, பிளக் மரை நன்றாக இருக்கிற பத்மினி ஹெட் இருந்தால் சொல்லுங்கள். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து கழுவி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.