சிங்க்திங்: வயலில் போன், வீட்டில் கணினி, இரண்டுக்கும் ஒரே கணக்கு

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம், அதாவது மழை குறைந்த காலத்து நெற்செய்கை, என்றால் எல்லாருக்கும் முழுக் காணியும் விதைக்கக் கிடைக்காது. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். பிறகு அது பங்காகப் பிரியும். ஒருவர் தன் பங்கை அயலுக்கு விட்டுக்கொடுப்பார், இன்னொருவர் வேறு வாய்க்காலில் செய்யக் கேட்பார். எங்கள் கமக்காரர் அமைப்பில் இந்தப் பங்குப் பட்டியலும் வாய்க்கால் துப்புரவுக் காசும் என் பொறுப்பு. வயலில் நிற்கும்போது நான் போனில் எழுதுவேன், வீட்டில் தம்பி கணினியில் பதிவான். இந்த இரண்டையும் பொருத்தி வைக்கச் சிங்க்திங் என்ற மென்பொருளைப் பாவிக்கத் தொடங்கிச் சில போகங்கள் கடந்துவிட்டன.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2013 முதல் இருக்கும் இலவச, திறந்த மூல மென்பொருள் இது. கோப்புகளை இடையில் யாருடைய சேவரிலும் வைக்காமல் ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு நேரே அனுப்பும். எனக்குப் பிடித்ததே அதுதான். மாதக் கடைசியில் டேட்டா முடிந்தாலும் ரூட்டரில் வெளிச்சம் எரிந்தால் போதும். போனும் கணினியும் ஒரே வைஃபையில் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கல் வருவது இப்படி. காலையில் நான் வெளிக்கிடும்போது இரண்டு பக்கமும் பட்டியல் ஒன்றுதான். பத்து மணிக்கு வாய்க்கால் கட்டில் நின்று ஒருவருடைய ஒரு ஏக்கரை அவருடைய மைத்துனர் பெயருக்கு மாற்றுகிறேன். அதே நேரம் வீட்டில் கரண்ட் வந்ததும் தம்பி துப்புரவுக் காசு கட்டியவர்களைப் பதிகிறான். பின்னேரம் நான் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் இரண்டு கோப்பும் சந்திக்கின்றன. ஒன்றை அறியாமல் மற்றது மாறியிருக்கிறது என்று சிங்க்திங் கண்டுகொள்ளும். ஆனால் எது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியாகச் சேமித்த நேரம் எதில் பிந்தியதோ அதைப் பழைய பெயரிலேயே விடும். மற்றதன் பெயரில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று ஒட்டி, தேதி, நேரம், எந்தக் கருவியில் மாறியது என்று காட்டும் ஏழு எழுத்து எல்லாம் சேர்த்துப் பக்கத்திலேயே வைக்கும்.

“அண்ணை, ரெண்டு பட்டியல் நிக்குது. எதைத் திறக்கிறது?” என்று தம்பி கேட்கும்போது பதில் “இரண்டையும்” என்பதுதான். ஒன்றில் மைத்துனர் இருக்கிறார், காசு இல்லை. மற்றதில் காசு இருக்கிறது, மைத்துனர் இல்லை. எக்செல் கோப்பை வரி வரியாகச் சேர்த்துத் தரவும் சிங்க்திங்குக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று மணிக்கூடு. சேமித்த நேரத்தை வைத்துத்தான் தீர்ப்பு என்றால் கணினியின் நேரம் சரியாக இருக்க வேண்டாமா? எங்களுடையது கிளிநொச்சியில் வாங்கிய பழைய கணினி. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பற்றரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியோடு தம்பி சேமித்ததெல்லாம் ‘பழையது’ என்று ஒதுக்கப்பட்டு, போனில் இருந்ததே வென்றுகொண்டிருந்தது. அவன் எழுதியது எதுவும் அழியவில்லை, எல்லாம் ஒட்டுப்பெயர் கோப்புகளில் பத்திரமாகக் கிடந்தது. சிஆர்2032 பற்றரி ஒன்று மாற்றியதும் அந்தக் கூத்து நின்றது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் மென்பொருளைத் திட்டும் முன் மூலையில் காட்டும் தேதியை ஒருக்கால் பாருங்கள்.

மற்றபடி முரண்பாடு குறைந்தது மென்பொருளால் இல்லை, கோப்புகளைப் பிரித்ததால். ஒரு கோப்பில் ஒருவர் மட்டும் எழுதினால் முரண்பட வழியே இல்லை. ‘வயல்’ என்ற கோப்புறையில் நான் மட்டும் எழுதுகிறேன், நாளுக்கொரு சாதாரண எழுத்துக் கோப்பு. போனில் அது அனுப்ப மட்டும், கணினியில் பெற மட்டும். தம்பி அங்கே எதையாவது திருத்தினாலும் அது என் போனுக்கு வராது. ‘ரிவேர்ட் லோக்கல் சேஞ்சஸ்’ என்ற சிவப்புப் பட்டன் தோன்றும், அழுத்தினால் போனில் உள்ளபடி திரும்பிவிடும். ‘காசு’ கோப்புறை இதற்கு நேர்மாறு: அவன் எழுத, நான் பார்க்க மட்டும். பங்குப் பட்டியலை மட்டும் இருவரும் தொடுகிறோம். அதிலும் வயலில் நடந்த மாற்றத்தை நான் ‘வயல்’ கோப்பில்தான் எழுதுவேன். இரவு கணினியில் உட்கார்ந்து பட்டியலில் ஏற்றுவோம். வேலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கூட்டத்தில் எழும்பி “என்ர பேர் எங்க?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் வேலை அதைவிடப் பெரிது.

விண்டோஸில் இன்னொன்று. எக்செலில் பட்டியல் திறந்தபடி கிடந்தால், போனிலிருந்து வரும் புதிய பிரதி உள்ளே இறங்க முடியாமல் நிற்கும். பார்க்காமல் அங்கே சேமித்தால் அடுத்த முரண்பாடு தயார். வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். மூடியவுடன் கணினியை நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் வழமையான அமைப்பில் மாற்றம் நடந்து பத்து விநாடி கழித்துத்தான் அனுப்பத் தொடங்கும். இரண்டு பக்கமும் ‘அப் டு டேட்’ என்று வந்தபின் நிறுத்துங்கள்.

குறை என்றால் போன் பக்கம்தான். அதிகாரபூர்வ அண்ட்ராய்ட் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. இப்போது சிங்க்திங்-ஃபோர்க் என்ற பதிப்பைத்தான் பாவிக்க வேண்டும். பற்றரியைச் சேமிக்கிறேன் என்று போன் அதைப் பின்னணியில் கொன்றுவிடும், போனின் செட்டிங்ஸில் போய் விலக்குக் கொடுக்க வேண்டும். அப்புறம், இதைக் காப்புப் பிரதி என்று நம்பாதீர்கள். போனில் இடமில்லை என்று வயல் படங்களை அழித்தால் கணினியிலும் அழியும். கணினியில் அந்தக் கோப்புறைக்கு ‘ஃபைல் வேர்ஷனிங்’ போட்டு வைத்தால், போனிலிருந்து வந்த அழிப்பும் மாற்றமும் பழைய பிரதியை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் நடக்கும். கணினியிலேயே நீங்கள் அழித்ததை அது அங்கே காப்பாற்றாது.

2025 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அழிப்பு பற்றிய விதியும் மாறியிருக்கிறது. முன்பு ஒரு பக்கம் திருத்தி மறுபக்கம் அழித்தால் திருத்தியதே எப்போதும் வெல்லும். இப்போது அழிப்பும் வெல்லலாம், அப்போது திருத்திய பிரதி ஒட்டுப்பெயரோடு ஒதுங்கும். ஆகவே கோப்பைக் காணவில்லை என்றால் முதலில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று தேடிப் பாருங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை இரவில் அப்படித் தேடி, வந்திருப்பதைச் சேர்த்துவிட்டு அழிக்கிறோம். ஒரு கோப்புக்குப் பத்துப் பிரதிகள் வரைதான் அது வழமையாக வைத்திருக்கும்.